ஆயில் ஸ்டார்ட்டரும் ஒரு கயித்துத் துண்டும்

மோட்டார் ரூமை ஒழுங்கு பண்ணும்போது பழைய ஆயில் ஸ்டார்ட்டர் ஒண்ணு கிடைச்சதுங்க. பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்டார், கொடுக்கல. கைப்பிடியில இன்னும் தேங்காய் நார்க் கயிறு ஒரு துண்டு சுத்தியிருக்கு. அதைப் பத்தி எழுதணும்னு தோணுச்சு.

எங்க அப்பாரு காலத்துல கவலை ஏற்றம்தான். அப்புறம் சில தோட்டங்கள்ல ஆயில் இஞ்சின் வந்தது. 1932இல் பைக்காராவில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்தபோது அது கோவைப் பக்கத்து மில்களுக்குப் பெரிய வரமாக இருந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டாரை இங்கேயே செய்து காட்டினார்கள். கிணற்றுக்குக் கம்பி பரவலாக வந்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான். 1957இல் மின்வாரியம் அமைந்தது. கரண்டு வந்ததும் கட்டணச் சண்டையும் வந்தது. 1970 ஜூன் 19இல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லாருக்கும் இலவச மின்சாரம் ஆனது. இதெல்லாம் மேடையில அடிக்கடி பேசுறதுதான். ஸ்டார்ட்டரைப் பத்தி யாரும் பேசறதில்ல.

மோட்டாரோட குணம் ஒண்ணு இருக்கு. ஓடும்போது சாது, கிளம்பும்போது முரடு. எங்க 7½ குதிரை மோட்டார் ஓடும்போது 11 ஆம்பியர் போல இழுக்கும். நேரடியாக் கரண்டைக் கொடுத்தா, கிளம்புற அந்த ஓரிரு நொடியில ஆறு மடங்கு, 65 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். அதுக்குத்தான் ஸ்டார் டெல்டா. கைப்பிடியை முதல்ல ஸ்டாரில் தள்ளினா, கம்பியில வர்ற கரண்டு மூணுல ஒரு பங்கா இறங்கும். மோட்டார் சத்தம் ஏறி ஒரு நிலைக்கு வந்ததும் டெல்டாவுக்கு மாத்தணும். அப்பா காதாலதான் கணக்குப் பாப்பாரு. அவசரப்பட்டு மாத்தினா ஃபியூஸ் போயிடும்.

அந்தப் பெட்டிக்குள்ள ரெண்டு காவல் உண்டு. ஒண்ணு ஓவர்லோடு. அதோட பிஸ்டன் எண்ணெயில மெதுவா நகர்றதால, கிளம்புற வேகத்தைப் பொறுத்துக்கும். தொடர்ந்து கூடுதலா இழுத்தா மட்டும் ஆஃப் பண்ணும். இன்னொண்ணு நோ வோல்ட் காயில். கரண்டு நின்னா கைப்பிடியை விட்டுடும். திரும்பக் கரண்டு வந்தாலும் ஆள் வந்து போடாம மோட்டார் ஓடாது.

ரெண்டையும் கெடுத்தது நாங்கதான். லைன் கடைசியில எங்க தோட்டம். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினா காயில் பிடிக்காது, கைப்பிடி விழுந்துகிட்டே இருக்கும். அப்பா கயித்தால கட்டிட்டார். ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு கட்டையில செம்புக் கம்பியை மூணு இழையா முறுக்கிப் போட்டார். அன்னிக்கு ஊர்ல பாதிப் பேர் இப்படித்தான்.

எங்க பக்கம் கிணறு ஆழம். பம்பு 25 அடிக்கு மேல உறிஞ்சாதுங்கறதால மோட்டாரையே கிணத்துக்குள்ள திட்டு கட்டி வச்சிருப்பாங்க. ஒரு ராத்திரி கரண்டு போச்சு. கப்ளிங்குல ஏதோ சத்தம் வருதேன்னு பெரியப்பா லாந்தரோட உள்ளே இறங்கினார். ஸ்டார்ட்டர் மேலே ரூம்ல, கயிறு கட்டுனபடியே. கரண்டு வந்தது. டெல்டாவுலயே நேரா முழுக் கரண்டும் பாஞ்சுது. சாதா ஃபியூஸா இருந்தா போயிருக்கலாம்; மூணு இழை தாங்கிடுச்சு. பெரியப்பாவுக்கு வலது கையில ரெண்டு விரல் போச்சு. அப்பா அதைப் பத்திக் கடைசி வரைக்கும் பேசினதில்ல. ஆனா அந்தக் கயித்தை அவுக்கவும் இல்ல. அறுத்துவிட்டார், மிச்சம் அப்படியே இருக்கு.

இப்போ ஆட்டோ ஸ்டார்ட்டர் காலம். மூணு பேஸ் கரண்டு எந்நேரம் வந்தாலும் தானாவே ஓடும். ராத்திரி பாம்புக்குப் பயந்து தோட்டத்துக்கு நடக்க வேண்டாம், அது பெரிய நிம்மதிதான். இருந்தும் புதுசா ஒரு வம்பு. ஒரே டிரான்ஸ்பார்மர்ல இருக்கிற மோட்டாரெல்லாம் கரண்டு வந்த அதே நொடியில கிளம்புது. எல்லாம் சேர்ந்து இழுக்கையில வோல்டேஜ் படுத்துடும். வோல்டேஜ் 100ல இருந்து 80 ஆனா மோட்டாரோட இழுவைச் சக்தி 64 ஆயிடும். கிளம்ப முடியாம எல்லாம் நின்ன இடத்துலயே உறுமும், காயில் சுடும்.

டிரான்ஸ்பார்மர் ஃபியூஸ் ஒரே வாரத்துல நாலு தடவை போனப்புறம் நாங்க பதினொரு பேரும் வேப்ப மரத்தடியில உக்காந்து பேசினோம். ஆட்டோ ஸ்டார்ட்டர்ல டைமர் இருக்கு. மேட்டுத் தோட்டத்துக்காரர் அரை நிமிஷம், அடுத்தவர் ஒரு நிமிஷம்னு வரிசையா வச்சுக்கிட்டோம். எனக்கு அஞ்சரை நிமிஷம், கடைசி ஆள். அப்புறம் அந்தக் கோடையில ஃபியூஸ் போகல.

ஒருத்தர் மட்டும் ரகசியமா டைமரைப் பூஜ்யத்துக்குத் திருப்பி வச்சிருக்கார். யாருன்னு தெரியும். மச்சான் முறை, ஒண்ணும் சொல்ல முடியல.