வீட்டுக் கொடுமையும் போலீஸ் ஏடும்

பிள்ளையை அடிப்பது தந்தையின் உரிமை. மகனிடம் தாய் அடிபடுவது அவள் தலைவிதி. இவ்விரு மூடக் கொள்கைகளால், நம் தோட்டத்து வீட்டுப் பிராதுகள் நெடுங்காலம் கங்காணி வாசலோடு நின்றன. போலீசாரிடம் செல்லத் துணிந்தவர் சிலரே.

1994இல் இயற்றப்பெற்று 1996இல் நடைமுறைக்கு வந்த மலேசியக் குடும்ப வன்முறைச் சட்டம், மனைவியை மட்டுமன்றிக் குழந்தையையும் பெற்றோரையும் காக்கின்றது. குழந்தை தானே முறையிட இயலாதாகலின், 2001ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் குடும்பத்தார்க்கும் மருத்துவர்க்கும் அறிவிக்கும் கடமையை விதித்தது.

ஆயின் 1994இன் சட்டம் தனிக்குற்றம் எதையும் வகுக்கவில்லை. அடித்தவனைத் தண்டிப்பது தண்டனைச் சட்டமே. ஆகவே காயத்தோடு உறவையும் ஏட்டில் எழுதுவித்தல் இன்றியமையாதது என்போம். "ஒருவன் அடித்தான்" என்பது தெருச்சண்டை. "என் மகன் அடித்தான்" என்பதே குடும்ப வன்முறை. அவ்வாறு பதிந்தால், விசாரணை முடியும்வரை இடைக்காலப் பாதுகாப்பு ஆணை கோரலாம். 2017இன் திருத்தப்படி சமூகநல அதிகாரி வழங்கும் அவசர ஆணை 7 நாள் செல்லும்.

ஜொகூர் மாநிலத்து நம் பெக்கோக்கிலும் புகார் மலாயில்தான் எழுதப்படும். எழுதியதை வாசித்துக் காட்டிய பின்பே கையொப்பம் பெறவேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு. தாய்மாரே! பொருளைத் தமிழிற் கேட்டறிந்து, உறவின் பெயர் ஏறியதா எனத் தெளிந்த பின்னரே ஒப்பமிடுங்கள். வெட்கம் அடிபட்டவர்க்கன்று, அடித்தவர்க்கே.