வாசற்படிக்குள் ஒளிந்த துரு

இரும்பைத் துரு தின்னும் என்பது எல்லோரும் அறிந்ததே. மோட்டார் வண்டியின் துரு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போய் ஒளிந்துகொண்டதற்கோ தனியே ஒரு வரலாறு உண்டு. பழைய கார் வாங்க விழைவோர் அதை அறிந்திருத்தல் பணத்திற்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

தொடக்ககால வண்டிகளில் கனத்த இரும்புச் சட்டம் அடியில் கிடக்கும். அதன்மேல் உடற்கூடு அமரும். கூடு துருவேறினால் அழகு கெடுமேயன்றி வண்டி ஒடிந்துவிடாது. 1922இல் இத்தாலியின் லான்சியா நிறுவனம் லாம்ப்டா என்னும் வண்டியில் அச்சட்டத்தை நீக்கி, கூட்டையே சுமைதாங்கியாக்கிற்று. இரண்டாம் உலகப்போருக்குப் பின் இம்முறையே பெருவழக்காயிற்று. மெல்லிய தகடுகளை மடித்துப் பற்றவைத்த பெட்டிகளே வண்டியின் எலும்புகளாயின. பெட்டிக்குள் ஈரம் புகுந்து அரித்தால் வெளியே யாருக்குத் தெரியும்?

இந்த மாற்றத்தை இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் ஒரே தொழிற்சாலையில் காணலாம். அங்கே 1955இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. தனிச் சட்டம் உடையது. 1962இல் அதன் இடத்தைப் பிடித்த எம்.ஜி.பி.க்குச் சட்டம் இல்லை. 1980 வரை ஐந்து லட்சத்திற்கும் மேல் விற்ற வண்டி அது. குளிர்காலத்தில் அந்நாட்டுச் சாலைகளில் உப்புத் தூவுவர். அவ்வுப்பு நீர் முதலில் தேடிச் சென்றது கதவுகளின் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டியை. ஆங்கிலேயர் அதற்கு இட்ட பெயர் 'சில்', அதாவது வாசற்படி. மேற்கூரை இல்லாத எம்.ஜி.பி.யில் வண்டி நடுவில் தொய்யாமல் காப்பது பெரும்பாலும் இந்த வாசற்படியே.

அதன் இரு முனைகளும் முன், பின் மட்கார்டுகளின் உட்புறமாக நீண்டு செல்கின்றன. முறையாகப் பழுதுபார்க்க வேண்டுமெனில் மட்கார்டுகளின் அடிப்பகுதியை அறுத்தாக வேண்டும். செலவுக்கு அஞ்சியோர் வெளியே தெரியும் பகுதியை மட்டும் மாற்றினர். சிலர் மட்கிய தகட்டின்மேலேயே புதுத் தகட்டைப் போர்த்தினர். பட்டி பூசி வண்ணம் அடித்து விற்றோரும் உண்டு.

துணி சுற்றிய காந்தத்தை ஓட்டிப் பார்ப்பது பழைய உத்தி. பட்டி தடித்த இடத்தில் அது பிடிக்காது. ஆனால் போர்த்திய தகட்டில் நன்றாகவே ஒட்டிக்கொள்ளும். ஆகவே காந்தத்தின் சாட்சியம் பாதிதான் என்பது நம் எண்ணம். அதைவிட நம்பத்தக்கது ஜாக்கி. வண்டியின் பக்கவாட்டில் அதற்கென உள்ள இடத்தில் ஜாக்கி வைத்து உயர்த்திக் கதவின் இடைவெளியைக் கவனிக்க வேண்டும். இடைவெளி நெருங்கினாலோ, கதவு இடித்தாலோ, வாசற்படி தன் வேலையைச் செய்யவில்லை. பிறகு கம்பளத்தை நீக்கித் தரையின் ஓரங்களை விரலால் அழுத்திப் பார்க்கலாம். முதிய வண்டியின் அடியில் புத்தம்புதிய கருந்தார்ப் பூச்சு மின்னினால் ஐயுறுவது தவறன்று.

எஞ்சினைக் கழற்றி மாட்டிவிடலாம். கூடு போனால் வண்டியே போயிற்று என்றிருந்த நிலை 1988இல் மாறியது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் அமைப்பு எம்.ஜி.பி.க்கு முழுப் புதுக்கூடுகளையே செய்து விற்கத் தொடங்கிற்று. அத்தகைய கூடு ஏறிய வண்டி என்று ஒருவர் சொன்னால் ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். அக்கூடுகளில் முதலில் வந்தவற்றிற்கும் இப்போது முப்பத்தைந்து வயதுக்கு மேலாகிறது. அவற்றின் வாசற்படிகளையும் குனிந்து பார்க்கத்தான் வேண்டும்.