குந்தா கரண்டும் கம்ப்யூட்டர் வேலையும்

பி.காம். படிக்கிறவனுக்கு சாஃப்ட்வேர் வரலாறு எதற்கு என்று கிளாஸ் பசங்க கேட்பார்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் எங்க ஊர்க் கதை.

குந்தா பக்கத்துப் பெரியவர்களுக்கு இஞ்சினியர் என்றால் ஈ.பி. ஆள்தான். 1950-களின் பிற்பாதியில், கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியோடு இங்கே நீர்மின் திட்டம் ஆரம்பித்தது. குந்தா, கெத்தை, பரளி என்று மலை இறங்க இறங்க, ஒரே தண்ணீரில் அடுத்தடுத்து கரண்ட் எடுக்கிறார்கள். அந்தக் காலத்தில் படித்த பையனின் கனவு அந்த ஈ.பி. வேலை. இன்று அதே வீடுகளில் இஞ்சினியர் என்றால் பெங்களூரிலோ கோவையிலோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர். நடுவில் என்ன நடந்தது?

வேடிக்கை என்னவென்றால், இந்திய சாஃப்ட்வேர் தொழிலை வளர்த்தவரும் ஒரு கரண்ட் ஆள்தான். எஃப்.சி. கோலி 1951-ல் டாடா மின்சாரக் கம்பெனியில் சேர்ந்தவர். மின் விநியோகத்தைக் கவனிக்க அங்கே கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். 1968-ல் டி.சி.எஸ். தொடங்கியது, 1969-ல் அதன் பொது மேலாளர் ஆனார்.

அப்போது இந்த வேலைக்கென்று தனிப் பட்டம் கிடையாது. ஐ.ஐ.டி. கான்பூருக்கு ஐ.பி.எம். 1620 கம்ப்யூட்டர் வந்தது 1963-ல். அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.டெக். வந்தது 1978-ல்தான். அதனால் அந்தக் காலத்தில் வேலைக்கு வந்தவர்களில் பலர் எலக்ட்ரிகல், கணக்கு, இயற்பியல் என்று எதையோ படித்தவர்கள். 1972-ல் டி.சி.எஸ்.ஸில் சேர்ந்து, 1996-ல் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்த எஸ். ராமதுரையின் முதல் பட்டம் இயற்பியல்.

இங்கேதான் நம்ம ஊர்க்காரர் ஒருவர் வருகிறார். 1933-ல் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன். கான்பூரில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தியவர். இஞ்சினியரிங் படிக்காதவர்களும் இந்தத் தொழிலுக்கு வர ஒரு வழி வேண்டும் என்று 1982-ல் எம்.சி.ஏ. படிப்பு தொடங்கக் காரணமாக இருந்தவர். யோசித்தால் நியாயம் புரியும். வங்கிக்கோ கம்பெனிக்கோ கணக்கு ப்ரோக்ராம் எழுத, மெஷினுக்குள் சர்க்யூட் எப்படி ஓடுகிறது என்பதைவிட ஆபீஸ் எப்படி ஓடுகிறது என்பது தெரிய வேண்டும்.

பிறகு 2000-ஆம் ஆண்டுப் பிரச்சினை. பழைய ப்ரோக்ராம்களில் வருடத்துக்கு இரண்டு இலக்கம்தான். 99-க்குப் பிறகு 00 வந்தால் குழப்பம். வரி வரியாகத் திருத்த நிறைய ஆள் தேவைப்பட்டது. பல துறைப் பட்டதாரிகளை எடுத்துச் சில மாதம் பயிற்சி கொடுத்து வேலையில் உட்கார வைத்தார்கள். சென்னையில் டைடல் பார்க் திறந்ததும் 2000-ல்தான். அடுத்த வருடமே அமெரிக்கச் சரிவு வந்து, ஆர்டர் கையில் இருந்தும் பலர் வீட்டில் காத்திருந்தது தனிக்கதை.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது ஒன்று. காலேஜில் எழுதும் ப்ரோக்ராம் ஒரு தடவை ஓடினால் மார்க் வந்துவிடும். வேலையில், யாரோ எப்போதோ எழுதியதைப் படித்து, ஓடிக்கொண்டிருப்பதைக் கெடுக்காமல் மாற்ற வேண்டும். இதை எந்தப் பட்டமும் முழுசாகச் சொல்லித் தருவதில்லை. பி.இ. படித்தவரும் வேலையில் சேர்ந்துதான் கற்றுக்கொள்கிறார்.

இப்போது காரணம். அப்பா ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறார். பச்சைத் தேயிலை எடை, ஈரத்துக்குக் கழிவு, முன்பணம் பிடித்தம், மாதக் கடைசிப் பட்டுவாடா எல்லாம் சின்ன வயதிலிருந்து பார்த்தது. அங்கே கம்ப்யூட்டர் போட்டபோது பில்லில் கழிவு இரண்டு தடவை பிடித்துவிட்டது. எழுதியவருக்குக் கணக்கு புரியவில்லை; அப்பாவுக்கு ப்ரோக்ராம் புரியவில்லை. இரண்டு நாள் விவசாயிகளிடம் திட்டு வாங்கியது அப்பாதான்.

அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கும் ஆளாக வேண்டும் என்று அன்று தோன்றியது. மூன்று வருடமாக இருந்த எம்.சி.ஏ. 2020-லிருந்து இரண்டு வருடம். டான்செட் எழுதப் போகிறேன். இப்போது ப்ரோக்ராம் எழுதவே மெஷின் வந்துவிட்டது, ஆள் எடுப்பது குறையும் என்று பயமுறுத்துகிறார்கள். பயம் எனக்கும் இருக்கிறது. ஆனால் ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கலாம் என்பதை அந்த மெஷினுக்கும் யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்?