ஒரு புதிர்மொழிக்கு இரண்டு உரைகள்

இறையாட்சி எப்போது வரும் என்ற கேள்விக்கு இயேசு தந்த பதிலாக, நான்கு நற்செய்திகளிலும் இல்லாத ஒரு மொழி இரண்டாம் நூற்றாண்டில் வழங்கிவந்தது. இரண்டு ஒன்றாகும்போது, ஆண் பெண் என்ற பேதம் அற்றுப்போகும்போது அது வரும் என்பது அதன் சாரம். 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாடி அருகே கிடைத்த தோமா நற்செய்தியின் 22ஆம் மொழியிலும் இது உண்டு. பால்குடிக்கும் குழந்தைகளைச் சுட்டித் தொடங்கும் அந்தப் பேச்சு விளக்கம் இல்லாமலே நின்றுவிடுகிறது. விளக்க முயன்ற இருவரின் உரைகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

ஒருவர் பெயர் தெரியாத போதகர். அவருடைய மறையுரை, ‘கிளமெந்தின் இரண்டாம் திருமுகம்’ என்று தவறான பெயரில் வழங்குகிறது. ஒருவரோடொருவர் உண்மை பேசி, வேஷமின்றி, இரண்டு உடலும் ஓர் உயிருமாய் வாழ்வதே இரண்டு ஒன்றாவது என்கிறார் அவர். அவர் காட்டும் வடிவில் அந்த மொழியில் உள்ளும் புறமும் ஒன்றாவது என்றும் வருகிறது; அதன் பொருள், உடல் கண்ணுக்குத் தெரிவதுபோல ஆன்மா நற்செயல்களில் தெரிவது. சபையில் கூடியிருப்போர் மறுநாளே நடந்து காட்டக்கூடிய விளக்கம் இது.

மற்றவர் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து. எகிப்தியர் நற்செய்தி என்ற நூலில் சலோமி என்ற பெண் கேட்ட கேள்விக்கு விடையாக வரும் இதே மொழியை, திருமணமும் பிள்ளைப்பேறும் வேண்டாம் என்பதற்குச் சான்றாக ஜூலியஸ் காசியானுஸ் என்பவர் காட்டினார். அதை மறுக்கத்தான் கிளமெந்து எழுதுகிறார். நான்கு நற்செய்திகளில் இது இல்லை என்று முதலில் சொல்லிவிடுகிறார். ஆனாலும் தள்ளிவிடாமல் பொருள் சொல்கிறார்: ஆண் என்பது சினம், பெண் என்பது இச்சை. பிளேட்டோவின் ஆன்மக் கொள்கையைப் படித்தவர் பேச்சு இது. திருமணத்தை அவர் காப்பாற்றியது பெரிய காரியம்தான். ஆனால் அந்த முயற்சியில் மொழியிலிருந்த ஆணும் பெண்ணும் மனிதர்களாக இல்லாமல் போய்விட்டார்கள். இந்த இடத்தில் என் மனம் போதகர் பக்கமே சாய்கிறது.

ஆண் பெண் என்ற தொடருக்குப் போதகர் தந்த விளக்கம் நெடுங்காலம் ஐரோப்பிய அறிஞர்களுக்குக் கிட்டவில்லை. அலெக்சாந்திரினுஸ் கையெழுத்துப் படி, ஆண் பெண் என்ற தொடரை விளக்கத் தொடங்கும் இடத்திலேயே அறுந்துபோகிறது. 1056இல் எழுதப்பட்ட வேறொரு படியிலிருந்து பிலோதேயோஸ் பிரியென்னியோஸ் 1875இல் முழு உரையையும் வெளியிட்டபோதுதான் மிச்சம் தெரிந்தது. அதில் சினமும் இல்லை, இச்சையும் இல்லை. சபையில் ஒரு சகோதரன் சகோதரியைப் பார்க்கும்போது பெண் என்ற எண்ணமும், அவள் அவனைப் பார்க்கும்போது ஆண் என்ற எண்ணமும் எழக்கூடாது என்பதே போதகர் சொன்ன பொருள்.