ஜனாதிபதியின் குரலைக் காப்பாற்றிய ரப்பர் துண்டு

1893 ஜூலை 1. நியூயார்க் பக்கம் மெதுவா ஓடிக்கிட்டிருந்த ஒனைடா என்ற உல்லாசப் படகில் அமெரிக்க ஜனாதிபதி குரோவர் கிளீவ்லாந்துக்கு ரகசியமா ஒரு ஆபரேஷன். மேல் அண்ணத்தில் புற்றுநோய். மனுஷர் சுருட்டுப் பிரியர்.

ஏன் ரகசியம்? வங்கிகள் வரிசையா மூடிக்கிட்டிருந்த நேரம். ஜனாதிபதிக்குப் புற்றுநோய்னு தெரிஞ்சா சந்தை இன்னும் சரியும்னு பயம்.

டாக்டர் ஜோசப் பிரையன்ட் குழு இடது மேல்தாடையில் பெரும்பகுதியை வாய் வழியாகவே எடுத்துட்டாங்க. வெளியே தழும்பு இல்லை, மீசைகூட அப்படியே இருந்தது. 1893-ல் இது சாதாரண விஷயம் இல்லைங்க.

ஆனா குரல் போச்சு.

காரணம் எளிது. 'ப', 'ட', 'க' சொல்ல வாய்க்குள்ள காற்றழுத்தம் சேரணும். அண்ணத்தில் ஓட்டை இருந்தா காற்று மூக்கு வழியா கசிஞ்சிடும். 'பாட்டி'ன்னு சொன்னா 'மாண்ணி' மாதிரி கேட்கும். குடிக்கிற தண்ணியும் மூக்கு வழியா வரும்.

இங்கதான் கேசன் கிப்சன் என்ற பல் மருத்துவர் வர்றார். கெட்டிப்படுத்திய ரப்பரில் அந்த ஓட்டைக்கு அளவா ஒரு அடைப்பு செஞ்சு மாட்டினார். பேச்சு திரும்பிடுச்சு.

ஆகஸ்ட் 29-ல் பிலடெல்பியா பத்திரிகையாளர் எட்வர்ட்ஸ் உண்மையை எழுதினார். வெறும் பல்வலின்னு ஜனாதிபதி தரப்பு மறுத்தது. ஒரு வாரத்தில் கிளீவ்லாந்து வாஷிங்டனில் மேடை ஏறித் தெளிவா பேசினார். அதுவும் எங்க? ஒரு மருத்துவ மாநாட்டில்! அப்புறம் யார் நம்புவாங்க? எட்வர்ட்ஸ் பொய்யர்னு பேர் வாங்கினார். குழுவில் இருந்த டாக்டர் கீன் 1917-ல் எல்லாத்தையும் எழுதின பிறகுதான் அந்தப் பழி போச்சு. 24 வருஷம்! அந்த அடைப்பு அவ்வளவு கச்சிதம்.

எல்லாருக்கும் இப்படி அமையாது. 1923-ல் வியன்னாவில் சிக்மண்ட் பிராய்டுக்கும் மேல்தாடையை எடுத்தாங்க. அவருக்கு முப்பதுக்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள், கதிர்வீச்சு வேற. வாய் சரியா திறக்காது. அடைப்பைக் கழற்றி மாட்டுறதே போராட்டம், மகள் அன்னாதான் உதவி. வீட்டில் அதுக்கு வச்ச பேர் 'அரக்கன்'. அடுத்தவங்க முன்னாடி சாப்பிடவே கூச்சப்பட்டார். 1939-ல் சாகும்வரை 16 வருஷம் இதோட வாழ்ந்தார்.

நம்ம ஊர்ல புகையிலை மெல்றதால கன்னம், நாக்குப் புற்றுதான் அதிகம். தொடை, முன்கை, மார்புத் தசையை எடுத்து அந்த இடத்தை நிரப்புறோம். ஆனா தையல் ஆறிட்டா வேலை முடிஞ்சதுன்னு பலர் வீட்டுக்குப் போயிடுறாங்க. வாய் திறக்கும் பயிற்சியை விட்டா தாடை இறுகிடும், அப்புறம் ஸ்பூன்கூட நுழையாது. சாப்பிடும்போது இருமல் வந்தா உணவு மூச்சுக்குழாய்க்குப் போகுதுன்னு சந்தேகப்படணும், உடனே சொல்லுங்க.

அண்ணத்தை எடுக்கப் போறாங்கன்னா, ஆபரேஷனுக்கு முன்னாடியே பல் மருத்துவரிடம் அளவு எடுக்கணுமான்னு கேளுங்க. டிஸ்சார்ஜ் அன்னைக்குப் பேச்சு, விழுங்கும் பயிற்சி யார் தருவாங்கன்னு கேட்டு, தேதியைச் சீட்டில் எழுதி வாங்கிக்கோங்க.