ஒலிவியே மெசியான்: பறவைக் குரலையும் தேசி தாளங்களையும் இசையாக்கிய பிரெஞ்சு மேதை

20-ம் நூற்றாண்டு மேற்கத்திய இசையின் போக்கை மாற்றியமைத்தவர்களுள் ஒருவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான். போர்க்கைதிகள் முகாமில் அவர் எழுதி அரங்கேற்றிய படைப்பு இன்றும் உலக மேடைகளில் ஒலிக்கிறது. அதன் தாள அமைப்பில் இந்தியாவின் பழம்பெரும் இசை நூல் ஒன்றின் பங்கும் உண்டு.

பிறப்பும் கல்வியும்

மெசியான் 1908 டிசம்பர் 10 அன்று தெற்கு பிரான்சின் அவிஞோன் நகரில் பிறந்தார். தந்தை பியர் மெசியான், ஷேக்ஸ்பியரின் நாடகங்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த ஆங்கில ஆசிரியர். தாய் செசில் சோவாஜ் கவிஞர். 11-வது வயதில் பாரிஸ் இசைக் கல்லூரியில் சேர்ந்த மெசியான், பால் டுகா, மார்செல் துப்ரே ஆகியோரிடம் பயின்றார். 1931-ல் பாரிஸின் திரினித்தே தேவாலயத்தில் ஆர்கன் இசைஞராகப் பொறுப்பேற்று, 60 ஆண்டுகளுக்கும் மேலாக, இறக்கும் வரை அப்பணியில் நீடித்தார். கத்தோலிக்க நம்பிக்கை அவரது படைப்புகளின் அடித்தளமாக விளங்கியது.

முகாமில் பிறந்த இசை

இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றிய மெசியான், 1940-ல் ஜெர்மானியப் படையினரிடம் பிடிபட்டு, கெர்லிட்ஸ் நகரையொட்டிய போர்க்கைதிகள் முகாமில் அடைக்கப்பட்டார். அங்கு வயலின், கிளாரினெட், செல்லோ இசைக்கும் மூன்று கைதிகள் இருந்தனர். முகாமின் காவலர் ஒருவர் எழுதுபொருட்களை அளித்து உதவினார். இவ்வாறு உருவானதே, எட்டுப் பகுதிகளைக் கொண்ட ‘காலத்தின் முடிவுக்கான நால்வரிசை’.

1941 ஜனவரி 15 அன்று, கடுங்குளிரில், சக கைதிகளும் முகாம் அதிகாரிகளும் கேட்க அது அரங்கேறியது. மெசியானே பியானோ வாசித்தார். ஐயாயிரம் பேர் கேட்டதாகவும், செல்லோவில் மூன்று தந்திகளே இருந்ததாகவும் அவர் பின்னாளில் கூறினார். ஆனால், நான்கு தந்திகளும் இருந்ததாக அன்று செல்லோ வாசித்த எத்தியென் பாஸ்கியே தெரிவித்தார். கேட்டோர் சில நூறு பேரே என்பது ஆய்வாளர்களின் கருத்து.

சங்கீத ரத்னாகரத்தின் தாக்கம்

13-ம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர் அவையில் இருந்த சார்ங்கதேவர் இயற்றிய ‘சங்கீத ரத்னாகரம்’, 120 தேசி தாளங்களைப் பட்டியலிடுகிறது. பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியம் ஒன்றின் வழியாக அப்பட்டியலை அறிந்த மெசியான், அத்தாளங்களைத் தம் படைப்புகளில் கையாண்டார். நால்வரிசையின் முதல் பகுதியில் ராகவர்த்தனம், சந்திரகலை, லட்சுமீசம் ஆகிய தாளங்கள் இணைந்து 17 கால அளவுகளின் வரிசையாகின்றன. அதன் மீது 29 ஸ்வரக் கூட்டுகள் சுழல்கின்றன. இரு சுழற்சிகளும் மீண்டும் ஒன்றாகத் தொடங்க 493 ஒலிப்புகள் தேவை. அதற்கு முன்பே அப்பகுதி முடிந்துவிடுகிறது. முடிவற்ற காலத்தை உணர்த்தும் உத்தி இது. எனினும், இந்தியக் கச்சேரி மரபின் ஆவர்த்தனமாக அன்றி, கால அளவுகளின் வரிசையாகவே அவர் தாளங்களைப் பயன்படுத்தினார்.

அவரது புகழ்பெற்ற ‘துரங்கலீலா’ சிம்பொனியின் பெயரும் சமஸ்கிருதச் சொற்களால் ஆனது. பத்துப் பகுதிகள் கொண்ட இப்படைப்பை, 1949 டிசம்பர் 2 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் லியோனர்ட் பெர்ன்ஸ்டைன் முதன்முதலாக நடத்தினார்.

ஆசிரியரும் மாணவர்களும்

முகாமிலிருந்து விடுதலையான மெசியான், 1941-ல் பாரிஸ் இசைக் கல்லூரியில் ஆசிரியரானார். 1978 வரை கற்பித்தார். பியர் பூலெஸ், கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன், யானிஸ் செனாகிஸ் உள்ளிட்டோர் அவரிடம் பயின்றனர். 1949-ல் அவர் எழுதிய சிறிய பியானோ படைப்பு ஒன்றில், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கால அளவு, ஒலி வலிமை, தொடும் முறை ஆகியவை முன்கூட்டியே வரையறுக்கப்பட்டன. இதுவே இளைய தலைமுறையின் புதுமை முயற்சிகளுக்கு வித்திட்டது. துரங்கலீலாவைக் கடுமையாகச் சாடிய பூலெஸ், பின்னாளில் தம் ஆசிரியரின் பல படைப்புகளை மேடையேற்றினார்.

பறவைகளின் குரல்

1950-களில் மெசியான் பறவைகளின் குரல் மீது முழுக் கவனம் செலுத்தினார். வைகறையில் காடு, வயல்வெளிகளுக்குச் சென்று பறவைகள் கூவுவதை ஸ்வரக் குறிப்புகளாக எழுதினார். 13 பியானோ படைப்புகள் அடங்கிய ‘பறவைகளின் பட்டியல்’ அதன் விளைவாகும். 1956-ல் வெளிவந்த ‘அயல்நாட்டுப் பறவைகள்’ படைப்பில் இந்தியாவின் ஷாமா பறவையும் இடம்பெற்றுள்ளது. ஒலிகளைக் கேட்கும்போது மனக்கண்ணில் வண்ணங்கள் தோன்றுவதாக அவர் கூறினார். அவ்வண்ணங்களின் பெயர்களைத் தம் இசைக் குறிப்புகளிலும் எழுதிவைத்தார்.

இறுதிக் காலம்

முதல் மனைவியும் இசையமைப்பாளருமான கிளேர் தெல்போ, நீண்டகால நோய்க்குப் பின் 1959-ல் காலமானார். 1961-ல் பியானோ கலைஞர் இவோன் லோரியோவை மெசியான் மணந்தார். அவரது ஒரே ஓபராவான ‘அசிசியின் புனித பிரான்சிஸ்’ 1983-ல் பாரிஸில் அரங்கேறியது. 1992 ஏப்ரல் 27 அன்று அவர் காலமானார்.

அவர் முழுமையாக எழுதி முடித்த கடைசிப் பெரும் படைப்பான ‘மறுமையின் மின்னல்கள்’, அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவால் அரங்கேற்றப்பட்டது. அதை நடத்தியவர் மும்பையில் பிறந்த சுபின் மேத்தா.