விற்ற டாங்கியைத் திரும்ப வாங்கும் ஐரோப்பா

போன மாதம் விடுதி அறையில் ஒரு வாக்குவாதம். "ராணுவம்னா என்னடா, காசு இருந்தா வாங்கிட வேண்டியதுதானே! ஐரோப்பாக்காரன்கிட்ட காசா இல்ல?" என்றான் நண்பன். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு தேடித் தேடிப் படித்ததில் கிடைத்ததுதான் இந்தக் கதை. ஒரே ஒரு டாங்கியின் பின்னால் போனாலே முப்பது வருட ஐரோப்பிய வரலாறு புரிந்துவிடும் போலிருக்கிறது. அந்த டாங்கியின் பெயர் லெப்பர்டு 2. பிறந்த இடம் ஜெர்மனி.

பனிப்போர்க் காலத்துப் பிள்ளை

1979ல் லெப்பர்டு 2 மேற்கு ஜெர்மன் ராணுவத்துக்கு வந்தது. சுமார் 55 டன் எடை, 1500 குதிரைத்திறன் இன்ஜின், 120 மில்லிமீட்டர் பீரங்கி, உள்ளே நான்கு பேர். அத்தனை எடையையும் தூக்கிக்கொண்டு சாலையில் மணிக்குக் கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். (ஒரு கொசுறுத் தகவல்: நம் ஆவடியில் தயாரான அர்ஜுன் டாங்கியில் ஓடுவதும் ஜெர்மனியின் எம்டியூ நிறுவன இன்ஜின்தான்.)

அப்போது ஜெர்மனி இரண்டாகக் கிடந்தது. கிழக்கே சோவியத் படைகளிடம் டாங்கிகள் ஆயிரக்கணக்கில் நின்றன. போர் வந்தால் ஃபுல்டா பள்ளத்தாக்கு வழியாக அவை பிராங்பர்ட்டை நோக்கிப் பாயும் என்பதுதான் நேட்டோவின் பெரிய பயம். அதனால் மேற்கு ஜெர்மனி 2,125 லெப்பர்டு 2 டாங்கிகளை வாங்கியது. ராணுவத்தில் கிட்டத்தட்ட 4 லட்சத்து 95 ஆயிரம் பேர். கட்டாய ராணுவ சேவை நடைமுறையில் இருந்தது. நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 3 சதவீதம் பாதுகாப்புக்கே போனது. பக்கத்தில் இருக்கும் சின்ன நாடான நெதர்லாந்துகூட 445 லெப்பர்டு 2 வைத்திருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிரி கிளம்பிப் போனான்

1989ல் பெர்லின் சுவர் விழுந்தது. 1990 செப்டம்பரில் கையெழுத்தான ஒப்பந்தப்படி, ஒன்றுபட்ட ஜெர்மனி 3,70,000 வீரர்களுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. அதே ஆண்டு நவம்பரில் பாரிஸில் இன்னொரு ஒப்பந்தம்: ஐரோப்பாவில் இரு அணிகளும் தலா 20,000 டாங்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 1994 ஆகஸ்டு இறுதியில் கடைசி ரஷ்யப் படைகளும் ஜெர்மனியை விட்டுக் கிளம்பின. மூன்று லட்சத்துக்கும் அதிகமான வீரர்கள் பெரிய மோதல் எதுவும் இல்லாமல் வீடு திரும்பினார்கள். வரலாற்றில் இப்படி நடப்பது அபூர்வம்.

ஜெர்மனி கையில் இப்போது இரண்டு ராணுவங்களின் சரக்கு இருந்தது. கிழக்கு ஜெர்மனியின் 39 போர்க்கப்பல்களை இந்தோனேசியா வாங்கிக்கொண்டது. அங்கிருந்த மிக் 29 விமானங்களைக் கொஞ்ச காலம் ஓட்டிப் பார்த்துவிட்டு, 22 விமானங்களைப் போலந்துக்குக் கொடுத்தார்கள். விலை? ஒரு விமானம் ஒரு யூரோ! அதே விமானங்களில் சிலதை 2023ல் போலந்து உக்ரைனுக்குத் தர விரும்பியபோது, பழைய ஒப்பந்தப்படி ஜெர்மனியிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. ஜெர்மனி சரி என்றது.

லெப்பர்டும் கடைக்கு வந்தது. போலந்துக்கு 128, பின்லாந்துக்கு 124. கிரீஸ், துருக்கி, சிலி, சிங்கப்பூர் எல்லாம் வரிசையில் நின்றன. ஜெர்மன் ராணுவத்துக்குக் கடைசியாகப் புது லெப்பர்டு 2 வந்தது 1992ல். அதன் பிறகு முப்பது வருடம் பழையதைப் புதுப்பிக்கும் வேலைதான்.

இது முட்டாள்தனமா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லையில் எதிரி இல்லை. கிழக்குப் பகுதியைத் தூக்கி நிறுத்தப் பணம் வேண்டும். ராணுவத்துக்குக் கிடைத்த புதிய வேலையோ கொசோவோவிலும் ஆப்கானிஸ்தானிலும். அங்கே தேவைப்பட்டது சிறிய படையும் இலகுவான வண்டிகளும்தான். 55 டன் டாங்கியை விற்றவன் அன்றைய கணக்கில் புத்திசாலி.

காகிதத்தில் இருக்கும் ராணுவம்

தவறு வேறு இடத்தில் நடந்தது. ஆயுதத்தைக் குறைத்தது ஒரு பக்கம் இருக்கட்டும், மிச்சம் வைத்துக்கொண்டதையும் பராமரிக்கவில்லை.

2011 ஜூலையில் ஜெர்மனி கட்டாய ராணுவ சேவையை நிறுத்தி வைத்தது. டாங்கிகள் 225 போதும் என்று திட்டம் போட்டார்கள். படைப்பிரிவுகளுக்குத் தேவையான தளவாடங்களில் சுமார் 70 சதவீதம்தான் கையில் இருக்கும். மீதிக்கு? பயிற்சிக்குப் போகிறவர்கள் பக்கத்துப் படையிடம் இரவல் வாங்கிக்கொள்ள வேண்டும். செமஸ்டர் தேர்வுக்கு முந்தின நாள் கால்குலேட்டர் தேடி அறை அறையாக அலைவோமே, அதேதான். எல்லாருக்கும் ஒரே நாளில் தேர்வு வந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

விளைவுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. 2014ல் நார்வேயில் நடந்த நேட்டோ பயிற்சியில், கவச வண்டியின் மேல் இயந்திரத் துப்பாக்கி இருக்க வேண்டிய இடத்தில் துடைப்பக் கம்புக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்துக் கட்டியிருந்தார்கள் ஜெர்மன் வீரர்கள். அந்த வண்டிக்குத் துப்பாக்கியே தேவையில்லை என்று ராணுவம் விளக்கம் சொன்னது. ஆனாலும் உலகமே சிரித்தது. 2017 இறுதியில் ஜெர்மன் கடற்படையிடம் இருந்த ஆறு நீர்மூழ்கிக் கப்பல்களில் ஒன்றுகூடக் கடலுக்குப் போகும் நிலையில் இல்லை. உதிரிபாகங்களை இருப்பு வைப்பதைச் செலவுக் கணக்கில் வெட்டியிருந்ததுதான் முக்கியக் காரணம். 2022 டிசம்பரில் ஒரு பயிற்சிக்குப் போன 18 பூமா கவச வண்டிகளில் 18ம் படுத்துவிட்டன. பிறகு பார்த்தால் பெரும்பாலானவை சின்னச் சின்னப் பழுதுகள்!

நெதர்லாந்தின் கதை இன்னும் மோசம். 2011ல் டாங்கிப் படையையே கலைத்தார்கள். 2014ல் 100 லெப்பர்டுகளைப் பின்லாந்துக்கு சுமார் 20 கோடி யூரோவுக்கு விற்றார்கள். விற்ற கையோடு ஜெர்மனியிடம் 18 டாங்கிகளை வாடகைக்கு எடுத்து, ஜெர்மன் படைப்பிரிவு ஒன்றோடு சேர்ந்து ஓட்டினார்கள். ஏன்? டாங்கி ஓட்டத் தெரிந்தவர்கள் நாட்டில் அடியோடு இல்லாமல் போய்விடக் கூடாது என்ற பயம். கடைசியில் 2025ல் 46 புது லெப்பர்டுகளுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். வீட்டை விற்றுவிட்டு அதே தெருவில் வாடகைக்கு இருந்து, பிறகு கடன் வாங்கி மறுபடியும் வீடு கட்டுவது போல.

2022 பிப்ரவரி 24

ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஜெர்மனி உக்ரைனுக்கு 5,000 ஹெல்மெட் தருவதாகச் சொல்லிக் கேலிக்கு ஆளாகியிருந்தது. படையெடுப்பு நடந்த அன்றே ஜெர்மன் தரைப்படைத் தளபதி அல்போன்ஸ் மைஸ், தன் படை ஏறக்குறைய வெறுங்கையோடு நிற்கிறது என்று இணையத்தில் வெளிப்படையாக எழுதினார். மூன்றே நாளில் பிரதமர் ஓலாப் ஷோல்ஸ் 10,000 கோடி யூரோ சிறப்பு நிதி அறிவித்தார்.

சரி, பணம் வந்துவிட்டது. நண்பன் சொன்னபடி ராணுவம் வந்துவிட வேண்டுமே?

வரவில்லை. 2023 மார்ச்சில் ஜெர்மனி தன்னிடமிருந்த லெப்பர்டுகளில் 18ஐ உக்ரைனுக்குக் கொடுத்தது. இரண்டு மாதத்தில் மாற்றாக 18 புது டாங்கிகளுக்கு ஆர்டர் போட்டது. அவை வந்து சேர இரண்டு, மூன்று வருடம். ஸ்பெயின் சும்மா நிறுத்தி வைத்திருந்த லெப்பர்டுகளைத் தரலாம் என்று பார்த்தால், அவை பரிதாபமான நிலையில் இருப்பதாக 2022ல் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சரே சொன்னார். பிறகு பழுது பார்த்துச் சிலவற்றை அனுப்பினார்கள். பீரங்கிக் குண்டு விஷயம் இன்னும் வேதனை. ஒரே வருடத்தில் 10 லட்சம் குண்டுகள் தருவதாக ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச்சில் வாக்குக் கொடுத்தது. கெடு முடிந்தபோது போய்ச் சேர்ந்தது ஏறக்குறைய பாதிதான். பணம் இருந்தது. ஆனால் ஆலை, வெடிமருந்து, வேலை தெரிந்த ஆட்கள் எல்லாம் பல வருடங்களாகச் சுருங்கிப் போயிருந்தன.

விற்காத ஒரு நாடு

எல்லாரும் விற்ற காலத்தில் வாங்கிக்கொண்டிருந்த பின்லாந்தைக் கவனித்தீர்களா? ரஷ்யாவோடு 1,300 கிலோமீட்டருக்கும் மேல் எல்லை. 1939ல் சோவியத் படையெடுப்பை நேரில் பார்த்த நாடு. பனிப்போர் முடிந்தும் அது கட்டாய ராணுவ சேவையைக் கைவிடவில்லை. 56 லட்சம் மக்கள்தான், ஆனால் போர் வந்தால் 2,80,000 பேரைத் திரட்ட முடியும். நிலத்தடிப் பதுங்கிடங்களில் 48 லட்சம் பேருக்கு இடம். 2023ல் நேட்டோவில் சேர்ந்தபோது அது வெறுங்கையோடு வரவில்லை.

பக்கத்து நாடான சுவீடன் 2010ல் கட்டாய சேவையை நிறுத்திவிட்டு, 2017ல் மறுபடி கொண்டுவர முடிவு செய்தது. பால்டிக் கடலின் நடுவே இருக்கும் காட்லாண்டு தீவில் 2005ல் கலைத்த படைப்பிரிவை 2018ல் திரும்ப உருவாக்கியது. கலைக்க ஒரு கையெழுத்து போதும். கட்டி எழுப்பத்தான் வருடங்கள்.

இனி?

இப்போது ஐரோப்பா வேகமாக ஓடுகிறது. 2025ல் ஜெர்மனி தன் அரசியல் சட்டத்தையே திருத்திப் பாதுகாப்புக்குக் கடன் வாங்க வழி செய்தது. லிதுவேனியாவில் சுமார் 5,000 பேர் கொண்ட படைப்பிரிவை நிரந்தரமாக நிறுத்தும் வேலை நடக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனி இப்படிச் செய்வது இதுவே முதல் முறை. 2035க்குள் பாதுகாப்புக்கும் அது சார்ந்தவற்றுக்கும் 5 சதவீதம் என்பது நேட்டோவின் புதிய இலக்கு.

ஆனால் எனக்கு இரண்டு சந்தேகங்கள். ஒன்று, விற்றதையே திரும்ப வாங்கினால் போதுமா? 2023 ஜூனில் சாபோரிஷியாவில் லெப்பர்டுகளே கண்ணிவெடியில் சிக்கி எரிந்தன. 2025 செப்டம்பரில் போலந்துக்குள் நுழைந்த மலிவான ரஷ்ய ட்ரோன்களைச் சுட, நெதர்லாந்தின் எஃப் 35 விமானங்கள் பறக்க வேண்டியிருந்தது. கொசுவை அடிக்க யானை!

இரண்டாவது, ஆட்கள். 2025 டிசம்பர் 5 அன்று ஜெர்மன் நாடாளுமன்றம் புதிய ராணுவ சேவைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2008லும் அதற்குப் பிறகும் பிறந்த ஆண்கள், ராணுவத்தில் சேர விருப்பமா என்று கேட்கும் படிவத்தைக் கட்டாயம் நிரப்ப வேண்டும். சேர்வது இப்போதைக்கு அவரவர் விருப்பம்தான். அதே நாளில் பல நகரங்களில் பள்ளி மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்துத் தெருவுக்கு வந்தார்கள். 1990ல் கணக்குப் போட்டவர்கள் எல்லாம் ஓய்வு பெற்றுவிட்டார்கள். படிவம் வருவது நம்மைவிடக் கொஞ்சம் சின்னப் பையன்கள் வீட்டுக்கு.

அதனால் நண்பனுக்கு என் பதில் இது. காசு கொடுத்தால் டாங்கி கிடைக்கும், மூன்று வருடம் கழித்து. அதை ஓட்டத் தெரிந்தவன், பழுது பார்க்கத் தெரிந்தவன், அதற்குக் குண்டு செய்யத் தெரிந்தவன், இவர்களைக் கடையில் வாங்க முடியாது. அமைதி வந்தால் ஆயுதத்தைக் குறைக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வைத்துக்கொள்வது பத்தே வண்டி என்றாலும், பத்தும் ஓடுகிறதா என்று அவ்வப்போது ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? 1990ல் நீங்கள் ஜெர்மனியின் நிதியமைச்சராக இருந்திருந்தால் அந்த டாங்கிகளை விற்றிருப்பீர்களா? நான் விற்றிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. பயமும் அங்கேதான் இருக்கிறது.